கேட்டில் ஒட்டியிருந்த பத்து எண்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் சுரண்டியும் ஒரு குப்பி மண்ணெண்ணெயுமாக, அதுவே அமரவிளையில் என் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றது.

வந்தவள் கிருஷ்ணப்ரியா. முப்பத்துநாலு வயது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் வீடுகளுக்கு கேமரா மாட்டிக்கொடுப்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டிலும் நாலு மாட்டினாள். வேலை முடிந்ததும் கேட்டில் ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். ‘இந்த வீடு கேமரா கண்காணிப்பில் உள்ளது’ என்று மேலே. அதன் கீழே அவளுடைய போன் நம்பர், பெரிய எழுத்தில். அந்த ஸ்டிக்கரைத்தான் இப்போது சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குப் பிள்ளே அத சொரண்டுக?”

“உள்ள வந்து சொல்லுகேன் அக்கா. மொதல்ல இது போவட்டு.”

ஸ்டிக்கர் போனது. கேட்டில் வெளுத்த ஒரு சதுரம் மிஞ்சியது. அவள் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்: “நான் ஒரு தப்பு செஞ்சிருக்கேன். அத ஒவ்வொரு வீடா போயிச் சொல்லிட்டு வாறேன். இது பத்தொம்பதாவது வீடாக்கும்.”

பதினெட்டு முறை சொல்லியிருந்ததால் அவளுக்கு எங்கும் தடுக்கவில்லை. எந்த இடத்தில் எதிரே இருப்பவரின் முகம் மாறும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு எழுதும் ஆசை வந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க, ஆனா அச்சுக்குப் போறதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டணும் என்றாள்.

காட்டினேன். அதனால் வந்த திருத்தங்கள் இந்தக் கதையில் அங்கங்கே தழும்பு மாதிரி தெரியும். மறைக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

குன்னத்துகாலில் நீலாம்பாளின் அடுக்களையில் அன்று ஆளில்லாத ஒரு குரல்…

விட்டுவிட்டேன். பேய்க்கதை ஆகிறது. அடுத்தது:

இணையத்தோடு இணைந்த கருவிகள் இல்லந்தோறும் பெருகிவரும் இக்காலகட்டத்தில்…

இதை எழுதிய கை என்னுடையதுதான். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நீலாம்பாளுக்கு அறுபத்தொன்று. கணவர் பூதலிங்கம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, போய்ச்சேர்ந்து மூன்று வருடம். மகன் மகேஷ்குமார் பெங்களூரில். ஒருநாள் சர்க்கரை இறங்கி அடுக்களைத் தரையில் இந்த அம்மாள் மயங்கி விழுந்தபிறகு, மகன் போனில் கிருஷ்ணப்ரியாவைப் பிடித்து அங்கேயே ஒரு கேமரா வைக்கச் சொன்னான். தலையைத் திருப்பிப் பார்க்கிற வகை. பேசினால் கேட்கும், அங்கிருந்து பேசினால் இங்கே ஒலிக்கும்.

அன்று காலை ஒன்பது மணி. அடுப்பில் பால். நீலாம்பாள் ஜன்னலோரம் அவியலுக்கு மரச்சீனிக்கிழங்கும் காய்களும் நறுக்கிக்கொண்டு, தனக்குத்தானே பாடிக்கொண்டு — [கிருஷ்ணப்ரியா: “அவியலுக்கு யாரு அக்கா மரச்சீனி போடுவா? சேனைன்னு மாத்துங்க.”] — அவியலுக்கு சேனையும் காய்களும் நறுக்கிக்கொண்டு, தனக்குத்தானே பாடிக்கொண்டு இருந்தாள். அலமாரிக்கு மேலிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது.

“அம்மே! பாலு! பாலு!”

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பொங்கி வழிவதற்கு ஒரு நூல் இருந்தது. கேமராவை நிமிர்ந்து பார்த்து, “நல்லாயிருப்பே மக்கா” என்றாள்.

மதியம் மகன் கூப்பிட்டான்.

“எலே, நீ எதுக்கு மலையாளத்துல சத்தம் போட்ட? நான் பயந்துட்டேன்லா.”

“எப்பம்மா?”

“காலம்பற. பால் பொங்கும்போ.”

“நான் மீட்டிங்ல இருந்தேன். போனையே எடுக்கலியே.”

 மகேஷ்குமார் மெதுவாகச் சொன்னான்: “அம்மா, நீ அடுக்களையில இருந்து வெளிய வா.”

3

கிருஷ்ணப்ரியா அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள். நீலாம்பாளின் போனை வாங்கி, இந்த கேமராவைப் பார்க்கும் போன்களின் பட்டியலைத் திறந்தாள். மூன்று இருந்தன. ஒன்று நீலாம்பாளுடையது. ஒன்று மகனுடையது. மூன்றாவது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“மாமி, நான் போட்டுத் தந்த பாஸ்வேர்ட மாத்தினியளா?”

“நீ சொன்னதுதான் மக்கா கெடக்கு. உனக்க போன் நம்பர்.”

அதைச் சொல்லி முடிக்கும்போதே கிருஷ்ணப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது.

பாஸ்வேர்ட் மறந்துபோய் ஆட்கள் அவளை நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்தத் தொல்லைக்கு அவள் கண்டுபிடித்த வழி, எல்லா வீட்டுக்கும் தன் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது. பயனர் பெயருக்கு வீட்டின் பெயர். யாருக்கும் மறக்காது. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வாள்; யாரும் மாற்றவில்லை. கேட்டின் இடதுதூணில் வீட்டின் பெயர் கல்லில் வெட்டியிருக்கும். கேட்டிலேயே அவளுடைய நீல ஸ்டிக்கர், போன் நம்பரோடு. ரோட்டில் போகிற எவனுக்கும் இரண்டும் வாசிக்கக் கிடைக்கும். முப்பத்தொரு வீடு.

‘அவளுக்குத் தலை சுற்றியது’ என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவள் கையமர்த்தினாள்.

“இல்ல அக்கா. மொதல்ல சிரிப்பாக்கும் வந்தது. அவ்வளவு மண்டத்தனம். பொறவுதான் கை வேர்த்து, போன் வழுக்கினது.”

நீலாம்பாள் கேட்டாள்: “அப்ப அவன் எத்தன நாளா பாத்துட்டிருந்தான்?”

“தெரியாது மாமி. ஒரு மாசத்துக்கு முந்தின விவரம் இதுல நிக்காது.”

“நான் பாடினதெல்லாம் கேட்டிருப்பானா?”

 நீலாம்பாள் கொடியில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து, ஸ்டூலில் ஏறி, கேமராவின் தலையை மூடினாள். ஏதோ ஒரு கூச்சக்காரக் கிளிக்கு இரவு வந்துவிட்டதைப் போல…*

* உவமை எனக்கே பிடிக்கவில்லை. தோர்த்தைப் போட்டு மூடினாள், அவ்வளவுதான். இறங்கும்போது முழங்கால் வலித்தது.

4

இங்கே கிருஷ்ணப்ரியாவின் கணவனைக் கொண்டுவர வேண்டும். ஸ்ரீகுமார், பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முதல் பிரதியில் இவனைக் கெட்டவனாக்கிவிட்டேன். கதைக்கு அது சௌகரியம். ஆனால் ஆள் அப்படியில்லை. பெண்டாட்டியை யாரும் திட்டக்கூடாது என்று நினைக்கிற மனிதன் என்ன சொல்வானோ அதைத்தான் அவனும் சொன்னான்.

“நீ இங்க இருந்தே எல்லா வீட்டு கேமராவிலயும் கேறலாம்லா? பாஸ்வேர்ட மாத்திரு. கம்பெனிக்காரன் மாத்தச் சொன்னான்னு ஒரு மெசேஜ் அனுப்பு. ஒருத்தரும் அறியாண்டாம்.”

அவளுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. லேப்டாப்பைத் திறந்து, பட்டியலில் முதல் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒரு கூடம் தெரிந்தது. சோபாவில் ஒரு பெண் கால்நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்ரியா லேப்டாப்பை மூடினாள்.

“என்ன?”

“நானும் இப்ப சொல்லாமத்தான கேறுகேன்.”

 ஸ்ரீகுமார் எழுந்துபோய், பழைய பரீட்சைப் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பின்பக்கத்தில் முப்பத்தொரு வீட்டையும் எழுத ஆரம்பித்தான். பெயர் வரிசையில் இல்லை, ரோட்டு வரிசையில். ஒற்றசேகரமங்கலத்து வீடுகள் இரண்டும் தள்ளிக் கிடப்பதால் கடைசியில்.

“ஸ்கூல் விட்டு வந்தா நான் வண்டி எடுக்கேன். ஞாயிறு ஒருநாள்ல எட்டு வீடு முடியும். ஆனா, நீ போறது வரைக்கும் அவங்க கேமரா ஓடிட்டுல்லா இருக்கும்?”

அன்று சாயங்காலமே அவள் மிச்ச முப்பது வீட்டுக்கும் போன் செய்தாள். கேமராவின் பிளக்கை உருவி வையுங்கள், நான் நேரில் வந்து காரணம் சொல்கிறேன். எனக்கும் அந்தப் போன் வந்தது. ஏதோ வயரிங் கோளாறு என்று நினைத்து உருவிவிட்டு, மறந்தும் போனேன்.

5

எல்லா வீட்டிலும் அவள் ஒரே முறையைத்தான் செய்தாள். முதலில் ஸ்டிக்கர். பிறகு குற்றத்தைச் சொல்வது. பிறகு பட்டியலைத் திறந்து, தெரியாத போன்களைத் தூக்குவது. புது பாஸ்வேர்டை வீட்டுக்காரரே, அவளுக்குக் காட்டாமல், போடுவது. அதற்கு மேல், புது போனிலிருந்து யார் நுழைய முயன்றாலும் வீட்டுக்காரரின் போனுக்கு ஒரு எண் வரும்படி இரண்டாவது பூட்டு. வைஃபையின் பாஸ்வேர்டையும் விடவில்லை. எங்கள் வீட்டில் அது ஒன்று முதல் எட்டு வரை இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சில வீடுகளில் சிரித்தார்கள். அமரவிளையிலேயே ஒரு வீட்டில் தோசை சுட்டுப் போட்டார்கள். ஒரு வீட்டில் வீட்டுக்காரர் கேட்டுக்குள்ளேயே விடாமல், ரோட்டில் போகிறவர்கள் நிற்கும்படி கத்தினார். ஸ்ரீகுமார் வண்டியிலிருந்து இறங்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு சொல்லுகது சரிதான. நில்லுங்க.”

கத்தி முடித்தபிறகு அந்த மனிதரே கேட்டைத் திறந்தார்.

பதிமூன்றாவது வீடு ரெஜிலாவின் வீடு.

[இது அவளுடைய உண்மைப் பெயரில்லை. எந்த ஊர் என்றும் சொல்லமாட்டேன்.]

ரெஜிலாவுக்கு இருபத்தேழு வயது, ஏழு மாதக் கைக்குழந்தை. கணவன் விஜயதாஸ் கப்பலில் வேலை. அடுக்களையில் நிற்கும்போதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று, குழந்தை கிடக்கும் அறையில் கேமரா வைத்திருந்தாள். அங்கே அவள்

[இங்கே நாலு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். ஒரு தாய் தன் வீட்டில், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். அதற்கு மேல் எழுதினால் நானும் பட்டியலில் இன்னொரு போன் ஆகிவிடுவேன்.]

கிருஷ்ணப்ரியா சொல்லி முடித்ததும் ரெஜிலா திட்டவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“சேச்சி, யாராவது பாத்தானா?”

பட்டியலில் இரண்டே போன்கள் இருந்தன. அவளுடையதும் கணவனுடையதும். ஆனால் ஒரு மாதத்துக்கு முந்தையது எதுவும் அதில் நிற்காது. இந்த கேமராவை மாட்டி ஆறு மாதம்.

இந்த இடத்தில்தான் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். கிருஷ்ணப்ரியா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இல்ல மோளே, ஒருத்தரும் பாக்கல்ல.’ அந்தப் பெண் அன்று சாப்பிட்டிருப்பாள். அப்படி ஒரு பிரதி எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது, ரெஜிலா அழுதுகொண்டே சிரிக்கிறாள், குழந்தை கிருஷ்ணப்ரியாவின் கம்மலைப் பிடித்து இழுக்கிறது.

நடந்தது இது:

“தெரியாது ரெஜிலா. பாக்கலேன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா தெரியாது.”

ரெஜிலா குழந்தையோடு உள்ளே போனாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. கிருஷ்ணப்ரியா கூடத்தில் அப்படியே நின்றாள். பிறகு, எடுத்துக்கொண்டு வந்த சின்ன ஏணியை அறைக்கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு, “கேமராவ நீங்களே கழட்டிக்கோங்க, நான் உள்ள வரல்ல” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மிச்ச வீடுகளுக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் ஸ்ரீகுமார் ஒரு சாயாக்கடையில் வண்டியை நிறுத்தி, பழம்பொரி வாங்கி அவள் கையில் வைத்தான். அவள் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள் என்று அவன் என்னிடம் சொன்னான்.

6

இதற்கிடையில் அந்த ஆள்.

நீலாம்பாளின் பாஸ்வேர்டை மாற்றி ஐந்தாவது நாள், கிருஷ்ணப்ரியாவின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. மலையாளத்தில் ஒரே வரி. அந்த அம்மா சுகமாக இருக்கிறாரா?

அவளுடைய நம்பர் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அதுதானே சாவி.

எனக்கு, ஒப்புக்கொள்கிறேன், இந்த வரியின்மேல் மோகம் வந்துவிட்டது. யார் இவன்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனா? அம்மாவை இழந்தவனா? தூரத்தில் தனி அறையில் இருந்துகொண்டு, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு முதியவளின் பாட்டைக் கேட்பதற்காகவே வாழ்பவனா? எட்டுப் பக்கம் எழுதினேன். இந்தக் கதையில் நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை. கிருஷ்ணப்ரியாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் முழுதும் கேட்டாள்.

“கொள்ளாம் அக்கா, நல்லாருக்கு. எனக்கே கண்ணு நெறஞ்சுது.”

“பின்ன?”

“அவன் நல்லவனா இருந்தா நான் செஞ்ச தப்பு சின்னதாயிருமா?”

நான் பக்கங்களை மடித்தேன்.

“மாமி வீட்டுல பால் மட்டுந்தான் பாத்தான்னு நமக்கு எப்படித் தெரியும்? இத ரெஜிலாக்கிட்ட போயி வாசிச்சுக் காட்டுவியளா?”

எட்டுப் பக்கமும் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. அந்த வாட்ஸ்அப்புக்குக் கிருஷ்ணப்ரியா பதில் அனுப்பவில்லை. அதைப் படமெடுத்து, பட்டியலில் இருந்த மூன்றாவது போனின் விவரத்தோடு சைபர் போலீசில் கொடுத்தாள். தன் பாஸ்வேர்ட் விஷயத்தையும் மறைக்காமல் எழுதிக்கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பெண் போலீஸ், “இத நீங்களே எழுதித் தாறீங்களா?” என்று இரண்டுமுறை கேட்டாராம். விசாரணை நடக்கிறது. இதை எழுதும் இன்று வரை அவன் யார் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் இந்தக் கதைக்குள் அவனுக்கு நாற்காலி போடப் போவதில்லை.

7

நீலாம்பாள் மறுபடி கேமரா வைக்கச் சம்மதிக்கவில்லை. மகன் பெங்களூரிலிருந்து தினமும் கெஞ்சினான். இனி யாராலும் நுழைய முடியாது, இரட்டைப் பூட்டு, நானே செக் பண்ணிட்டேன்.

“நீ பாப்பேல்லா?” என்றாள் நீலாம்பாள்.

“நான் பாக்கறதுக்குத்தானம்மா அது.”

“அதான் மக்கா. நீ பாக்குகதும் எனக்கு ஒருமாதிரிதான் இருந்துச்சு. சொல்லல்ல. நீ எனக்க மோன்தான். ஆனாலும் எனக்குப் பாடணும்னு தோணினா, சுத்திப் பாத்துட்டா பாடுவேன்?”

மகன் அதற்குமேல் கெஞ்சவில்லை. 

“அப்ப காலம்பற எட்டு மணிக்கு நீ என்னக் கூப்பிடு” என்றான் மகன். “எட்டே கால் வரை வரலேன்னா நான் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவேன்.”

“எட்டரை. எனக்கு எட்டு மணிக்குக் குளி.”

எட்டரைக்கு ஒப்பந்தமானது. கேமராவைக் கிருஷ்ணப்ரியா கழற்றி, பின்வாசலுக்கு வெளியே, கிணற்றையும் வேலியையும் பார்க்கும்படி மாட்டினாள். பாஸ்வேர்ட் போடும்போது நீலாம்பாள் அவளை முற்றத்துக்குப் போகச் சொன்னாள். மகனிடமும், அவன் கேட்டால்தான் சொல்வேன் என்றாள். அவன் கேட்டான். சொன்னாள். அது என்னவென்று நான் விசாரிக்கவில்லை.

பாட ஆரம்பித்துவிட்டாளா? எனக்குத் தெரியாது. இதை எழுதுவதற்காக குன்னத்துகால் வழியே இரண்டுமுறை பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் அந்த ஆள் பிடிபடுகிறான். ஒன்றில் கிருஷ்ணப்ரியா இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறாள், அதை அவள் கேட்டு, “எதுக்கு? இப்பத்தான அக்கா எனக்கு வேல தெரியும்” என்றாள். மூன்றாவதை எழுதும்முன் ரெஜிலாவிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது.

மூன்று வாரம் கழித்து. “சேச்சி, கப்பல்ல இருந்து ஆளு வாறதுக்கு இன்னும் நாலு மாசம் உண்டு. குழந்தை உருளுது. அடுக்களையில இருந்து பாக்காம முடியல்ல. நீங்க வரணும். ஆனா நீங்க செய்யாண்டாம். நான் செய்யணும். சொல்லித் தந்தா போதும்.”

கிருஷ்ணப்ரியா போனாள். ஏணி அங்கேயே, சாய்த்த இடத்திலேயே இருந்தது. ரெஜிலா கேமராவைக் கட்டிலைப் பார்க்காமல் தொட்டிலை மட்டும் பார்க்கும்படி தானே திருகினாள். தேவையில்லாத நேரத்தில் அணைக்க, கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச். பட்டியலைத் திறப்பது எப்படி, தெரியாத போனைத் தூக்குவது எப்படி என்று கிருஷ்ணப்ரியா வாயால் சொல்லச் சொல்ல, ரெஜிலாவின் விரல் செய்தது. இரண்டுமுறை தவறியது. மூன்றாம் முறை சரியாக வந்தது.

“இனி பாஸ்வேர்ட்” என்றாள் கிருஷ்ணப்ரியா.

சொல்லிவிட்டு, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. தேதி கிழிக்காமல் பல நாள் ஆகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் ரெஜிலா யோசிப்பதும், அழுத்துவதும், அழிப்பதும், மறுபடி அழுத்துவதும் கேட்டது. குழந்தை அவள் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. குழந்தையிடம் மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

நேரம் போனது. பாஸ்வேர்ட் போட அவ்வளவு நேரம் ஆகாது. அவள் திரும்பவில்லை.

“அப்ப அவ என்ன செஞ்சிட்டிருந்தா?” என்று நான் கேட்டேன். “மன்னிச்சுட்டாளா? அழுதாளா? முகம் எப்படி இருந்துச்சு?”

“நான் செவத்தப் பாத்துல்லா நிக்கேன் அக்கா. எனக்கு எப்படித் தெரியும்?”

“பொறவு?”

“‘சேச்சி, இனி திரும்பலாம்’னா. திரும்பினேன்.”

“திரும்பினப்போ?”

கிருஷ்ணப்ரியா சிரித்தாள். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. நான் இன்னொருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரெஜிலாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.